எதிர்க்கரை ஓட்டல்

வெனிஸில் எங்கள் சமையலறையில் நான், மனைவி லூச்சியேத்தா, தம்பி பியேரோ மூவரும் இருக்கிறோம். மேசைமேல் வைத்த போனில், மெல்போர்னிலிருந்து மகன் அல்வீசே பேசுகிறான். கால்வாயில் பட்ட வெயில் எங்கள் கூரையில் நெளிகிறது. “ஒன்பது வருஷம் கழிச்சு வர்றேன்ப்பா. எதிர்க்கரை ஓட்டல்ல ரூம் போட்டுட்டேன். உங்களுக்கு எதுக்கு சிரமம்?” கணவாய் மீன் கழுவிக்கொண்டிருந்த லூச்சியேத்தாவின் விரல்கள் அப்படியே நிற்கின்றன, மை மட்டும் சொட்டுகிறது. “கொண்டோலா படகு சவாரியும் புக் பண்ணியாச்சு,” என்று தொடர்கிறான் அல்வீசே. பியேரோ எழுந்துவிடுகிறான். “டேய், நாலு தலைமுறையா துடுப்பு போட்ட வீடுடா இது! சித்தப்பன் படகுல ஏறினா மூழ்கிடுவியா?” மகனுக்கு எங்கள் வீட்டில் இடமில்லை என்று இனி சந்தில் பேசிக்கொள்வார்கள். அது பொய். அவன் கட்டிலுக்கு இன்று காலையே புது விரிப்பு போட்டாயிற்று.