வேண்டாத கை

நான்காவது தொட்டியும் மூடிக்கொண்டது.

அவன் கையை வெளியே எடுத்தான். முழங்கையிலிருந்து உப்புநீர் சொட்டியது. உள்ளே கடல்சாமந்திகள், பூப்போல விரியும் அந்தக் கடல் பிராணிகள், ஒன்று பாக்கியில்லாமல் இதழ்களை இழுத்துக்கொண்டு, கோழையைக் கக்கிக்கொண்டு, கட்டி கட்டியாக உட்கார்ந்திருந்தன.

இந்தக் கடல் ஆராய்ச்சிக் கூடத்தில் நான்கு வருஷமாக இந்தக் கையைத்தான் உள்ளே விட்டுக் கண்ணாடி துடைக்கிறான். பட்டால் லேசாக ஒதுங்கும். அவ்வளவுதான்.

ஆராய்ச்சி மாணவி மெர்லின் கிருமி கலந்த நீரைச் சொட்டு விடும்போது மட்டும்தான் இப்படி மூடும். கோழையில் கிருமி சிக்கும், சிக்கியது சாகும். மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காதது போல விரிந்து நிற்கும்.

கண் இல்லை. மூளை இல்லை. ரத்தம்கூட இல்லை. ஆனாலும் வேண்டாதது வந்தால் தெரிந்துவிடும்.

இன்றைக்கு மெர்லின் எதையும் விடவில்லை.

"சோப்பு வாடையா இருக்கும்ணே," என்றாள்.

அந்தச் சந்தேகத்தில்தான் சோப்புப் போட்ட கையை வடிகட்டிய கடல்நீரில் பத்து முறை அலசியிருந்தான். அவளும் அதே சோப்பைப் போட்டாள், அதே நீரில் அலசினாள். ஐந்தாவது தொட்டியில் கையை விட்டாள்.

எல்லாம் விரிந்தே இருந்தன.

அவன் மறுமூலையில் ஒரு விரலை மட்டும் நனைத்தான்.

அவன் பக்கமிருந்து ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்தது. அவள் கை இருந்த மூலைவரை போய் நின்றது.

மெர்லின் கையை எடுத்து வெள்ளைக் கோட்டில் துடைத்துக்கொண்டாள். ஓர் அடி பின்னால் தள்ளி நின்றாள்.

அவனுக்கு உடம்பில் ஒன்றுமில்லை. காய்ச்சல் இல்லை, சளி இல்லை, கையில் ஒரு கீறல்கூடக் கிடையாது.

போன் அடித்தது. சுகந்தி.

"ஏங்க, கிளம்பிட்டீங்களா? நாலு மணிக்குப் புள்ளைய நெஞ்சுல போடுறாங்களாம். எனக்கு இன்னும் காய்ச்சல் விடல. நீங்கதான் வரணும்."

குழந்தை பிறந்து பதினெட்டு நாள். ஏழு மாதம் நிரம்புவதற்குள் அவசரப்பட்டு வந்துவிட்டாள். தொள்ளாயிரம் கிராம். இதுவரை பெற்றவளும் தூக்கவில்லை, அவனும் தூக்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறாள். ஒரே ஒரு கிருமி போதும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். தகப்பன் உடம்புச் சூடு பட்டால் எடை ஏறும் என்று நேற்றுச் சொன்னதும் அவர்தான். அதைக் கேட்டதிலிருந்து அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"கிளம்பிட்டேன்," என்றான்.

மருத்துவமனையில் நர்ஸ் சாய்வு நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு வைத்திருந்தாள். வாசல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுகந்தி போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றாள். பதினெட்டு நாளில் முதல்முறையாகச் சிரித்தாள்.

"சட்டையக் கழட்டிட்டு சாஞ்சுக்கங்க சார்."

அவன் அசையவில்லை.

என்னவென்று சொல்வது? தொட்டியில் பூ மாதிரி ஒன்று இருக்கும் சிஸ்டர், அது என்னைப் பார்த்து மூடிக்கொண்டது என்றா? பைத்தியம் பிடித்திருக்கிறது என்பார்கள்.

குழந்தையைப் பார்த்தான். விலா எலும்பு ஏறி இறங்கியது. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அவனுக்கு உயிரே போனது.

"எனக்கும் காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருக்கு சிஸ்டர். இன்னிக்கு வேணாம்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுகந்தியின் சிரிப்பு நின்றுவிட்டது. அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

நர்ஸ் அவனை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். கிட்டே வந்தாள். புறங்கையை அவன் நெற்றியில் வைத்தாள், பிறகு கழுத்தில். பின்னால் கட்டியிருந்த கையை இழுத்து, உள்ளங்கையை அழுத்திப் பார்த்தாள்.

"சில்லுன்னு இருக்கு. காய்ச்சலாம் காய்ச்சல்." சிரித்தாள். "எல்லா அப்பாவுக்கும் மொத நாளு இந்தப் பயந்தான். உக்காருங்க, நான் எடுத்துத் தாரேன்."

அதே கையால் பெட்டியின் வட்டக் கதவைத் திறந்தாள்.

"சிஸ்டர், கை..." என்றான்.

அவள் கை குழந்தையின் முதுகுக்கு அடியில் போய்விட்டிருந்தது.