கூடத்தில் இருப்பவர்

"நல்லா இருக்கீங்களாக்கா?" என்றது போனில் அந்தக் குரல்.

ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு இவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சில வாரங்களாகப் பழகிய குரல்தான்.

பெண்களுக்கான உதவி எண்ணைக் கூப்பிட்டு ஒருத்தி எடுத்த எடுப்பிலேயே அக்கா என்று நலம் விசாரித்தால், பக்கத்தில் யாரோ காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அந்த நொடியே இவள் சொந்தக்காரியாகிவிட வேண்டும். உதவி மையத்தில் அதுதான் வழக்கம்.

குரலைக் கேட்டால் அந்தம்மாவுக்கு இவளுடைய அம்மா வயது இருக்கும். இருந்தாலும் அக்காதான்.

காலையிலிருந்து இவள் ஒருத்திக்கு அண்ணி, ஒருத்திக்குச் சித்தி, இன்னொருத்திக்குத் தையல் கடைக்காரி. போனை வைத்ததும் அத்தனை சொந்தமும் அறுந்துவிடும். இவளை இவளாக நினைத்துக் கூப்பிட ஒருவரும் இல்லை.

கணவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்டாள். "ம்."

அடித்தாரா? "ம்."

வெளியே வர முடியுமா?

"வெங்காயம் வதக்கிட்டு இருக்கேன்க்கா."

‘ம்’ என்றால் ஆமாம். சமையல் பேச்சு வந்தால் முடியாது, இல்லை. முதல் தடவையே இவள் சொல்லிக்கொடுத்தது. கற்பூர புத்தி, அந்தம்மா சட்டென்று பிடித்துக்கொண்டார்.

வீடு எங்கே என்று மட்டும் இத்தனை நாளாக வாயே திறக்கவில்லை. இன்று, புதுத்துணி கொடுத்தனுப்புகிறேன் என்று நைச்சியமாகக் கேட்டதும், தெருவையும் வாசல் கேட்டின் நிறத்தையும் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டார்.

உடனே இவள் மேசையிலிருந்த செல்போனில் களப்பணிப் பெண்ணுக்குத் தகவல் அனுப்பினாள். நல்லவேளை, அவள் அடுத்த தெருவில்தான் இருந்தாள்.

இன்று விட்டால் பிடிக்க முடியாது. அடுத்த வாரம் கூப்பிட அந்தம்மா உயிரோடு இருக்க வேண்டுமே.

பேச்சு அறுந்துவிடாமல் இவள் வாய்க்கு வந்ததையெல்லாம் அளந்தாள். இல்லாத கணவனுக்குச் சளி பிடிக்க வைத்தாள். பிறக்காத மகனைப் பரீட்சைக்கு அனுப்பினாள். சொல்லச் சொல்ல இவளுக்கே அந்த வீடு பிடித்துப்போயிற்று.

மகன் சரியாகச் சாப்பிடுகிறானா என்று அந்தம்மா அக்கறையாகக் கேட்டார்.

செல்போன் அதிர்ந்தது. ஒரு பக்க ஹெட்போனை ஒதுக்கி அதைக் காதில் வைத்தாள்.

"மேடம், வாசல் கதவு தொறந்துதான் கெடக்கு. அந்தாளு செத்து ஒரு வருஷம் ஆச்சுன்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க. அந்தம்மா மட்டும்தான் இருக்காங்க. கூடத்துல அவரு போட்டோ பெருசா மாட்டியிருக்கு."

இவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. நிஜமாகவே அடிவாங்குகிறவர்கள் எத்தனை பேர் இந்த லைன் கிடைக்காமல் தவிக்கிறார்களோ.

"நீங்க தனியாத்தானேம்மா இருக்கீங்க?" அக்கா வேஷத்தை மறந்து உரக்கவே கேட்டுவிட்டாள்.

அந்தப் பக்கம் போனைக் கையால் பொத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"மெதுவாப் பேசுங்கக்கா," என்றார் அந்தம்மா, கிசுகிசுப்பாக. "கூடத்துலதான் இருக்காரு. கேட்டுடும்."

இவளும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.