சிவப்பு ஹெல்மெட்காரன்

மூன்றாவது அடியில் அவனுடைய பல் தெறித்து என் கால் சப்பாத்தருகே விழுந்தது. கொட்டாஞ்சேனைச் சந்தியில் பத்துப் பேர் அவனைச் சூழ்ந்து அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நேத்து உன்ர உண்டியலைப் பறிச்சவன் இவன்தானே பிள்ளை? சிவப்பு ஹெல்மெட்!" என்று பக்கத்து வீட்டு அன்டன் அங்கிள் கத்தினார்.

நான் அந்தப் பல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன், அக்கா.

"ஸ்கூல் பிள்ளை ஜப்பானுக்குப் படிப்புச் சுற்றுலா போக வீடு வீடா ஏறிச் சேத்த சல்லியடா! உனக்கு அதுதானா கிடைச்சது?" என்று அங்கிள் அவன் பக்கம் திரும்பினார்.

"நான் இல்லைங்க, சாப்பாடு டெலிவரி பண்ண வந்தேங்க" என்று அவன் அழுதான். அங்கிள் ஹெல்மெட்டைப் பிடுங்கி அதாலேயே அவன் முகத்தில் அடித்தார். யாரோ அவன் கையில் ஏறி மிதித்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

"ஆமாங்க! நான்தாங்க எடுத்தேன்! விட்டுடுங்க!"

அவன் சட்டைப் பையிலிருந்த பதினோராயிரம் ரூபாயை எடுத்து அங்கிள் என் கையில் வைத்தார். "பாத்தியா, கள்ளன் ஒத்துக்கொண்டிட்டான். இனி நீ சந்தோஷமாப் போயிட்டு வா."

அக்கா, நித்திரை கொள்ளாதே, கேள். சேர்ந்த காசு டிக்கெட்டுக்குப் பாதிகூட வரவில்லை. எவனோ பறித்துவிட்டான் என்று அழுதால் எல்லோரும் பாவம் பார்த்து இன்னொரு தரம் தருவார்கள் என்று நினைத்தேன். உண்டியல் நம் கட்டிலுக்குக் கீழேதான் இருக்கிறது. அடையாளம் கேட்டார்கள், சிவப்பு ஹெல்மெட் என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

அவனை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்றுகூடத் தெரியாது. இந்தப் பதினோராயிரத்தை நான் யாரிடம், என்ன சொல்லிக் கொடுப்பது?