எட்டுப் புள்ளிப் பெண்

தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் பழைய விளையாட்டுப் பெட்டியின் நிரலைத் திருத்தி, குழிகளைத் தாண்டி ஓடும் சிறு மனிதனுக்குப் பதிலாகத் திருவேங்கடம் ஒரு பெண்ணை ஓடவிட்டிருந்தார். திரையில் எட்டே புள்ளி அகலமுள்ள அவளுக்கு இடுப்புவரை பின்னல் தொங்கியது. அவர் மனைவி செண்பகவல்லியின் கூந்தல் எந்நாளும் தோளைத் தாண்டியதில்லை.

“யாருங்க இவ?”

“யாருமில்லை. வெறும் புள்ளி.”

“புள்ளிக்குப் பின்னல் எதுக்கு? அதுவும் ஓடுறப்போ ஆடுது!”

“ஆடினா அழகா இருக்கும்னு வச்சேன்” என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போனார்.

செண்பகவல்லி ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்தாள். அந்தப் பெண்ணை முதற்குழியின் விளிம்புவரை நடத்திச் சென்று, தாண்டவிடாமல் உள்ளே செலுத்தினாள். பின்னல்காரி விழவில்லை. தரையில் நடப்பதுபோல் வெற்றிருளின்மேல் நடந்து அக்கரை சேர்ந்தாள். அடுத்த குழியிலும் அவ்வாறே.

செண்பகவல்லி எத்தனையோ முறை விழுந்து தோற்ற குழிகள் அவை. ஒரு புள்ளியளவாவது குறுக்கித் தரும்படி அவள் கேட்டபோதெல்லாம், “அப்புறம் அது விளையாட்டே இல்லை, செண்பகம்” என்றுதான் அவர் சொல்லியிருந்தார்.