நடுவில் நீலம்

புற்றுநோய்க்கு இருபது நாள் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்த பிறகுதான் பூங்கோதை தன் கட்டியின் படத்தை முதன்முறையாகத் திரையில் பார்த்தாள். ஓரமெல்லாம் சிவப்பு. நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு நீலம். சிவப்பில் பிராணவாயு இருக்கிறது, நீலத்தில் இல்லை என்றாள் ஸ்கேன் எடுக்கும் பெண். "காத்து போகாத இடத்துல கரண்ட் சரியா பிடிக்காதும்மா."

தினமும் விடியலில் கணவர் தணிகாசலம் அவளை மொட்டைமாடியில் உட்காரவைத்து மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்வார். "நீ இழுக்கிற மூச்செல்லாம் அங்கதான் போகுது. கட்டி கரையுதுன்னு டாக்டரே சொல்லிட்டார்." ரிப்போர்ட் எதையும் அவள் கையில் கொடுத்ததில்லை.

"இந்த நீலம் எப்பலேருந்து இருக்கு?"

"முதல் படத்துலயே இருந்துச்சேம்மா. அன்னைக்கே டாக்டர் உங்க வீட்டுக்காரர்கிட்ட காட்டினாரே, அவர் உங்ககிட்ட சொல்லலையா?"

வெளியே தணிகாசலம் ஃபிளாஸ்க்கோடு எழுந்து நின்றார். "என்ன சொன்னாங்க?"

"முழுசா கரைஞ்சிருச்சாம்" என்றாள், அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் உதடு ஒருமுறை துடித்தது. பிறகு சிரித்தார்.

"நான்தான் அப்பவே சொன்னேன்ல."