முட்டுக்கல்

காரின் சாவி டொக்டர் அருந்ததியின் கையில் இருக்கிறது. ஸ்விட்சுகள் எல்லாம் அணைத்துக் கிடக்கின்றன. ஆனாலும் பேட்டரிக்கும் அதன் கம்பிக்கும் நடுவில் மெக்கானிக் ஸெய்னுலாப்தீன் கோத்துவைத்த சின்ன பல்பு மஞ்சளாய் எரிந்துகொண்டே இருக்கிறது. "நிக்கிற கார்ல எதுவோ கரண்டு குடிக்குது, டொக்டரம்மா." பேட்டரி இறங்கிவிடுவதால், மூன்று மாதமாக இரத்தோட்டைச் சரிவுகளில் நிறுத்தி, உருட்டியே கிளப்பி வந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. "நாளைக்குச் சீகிரியாவுக்கு மாற்றலாகிப் போறன். அங்க எல்லாம் சமதரை," என்கிறாள் அவள். தகரக் கூரையில் மழை இரைகிறது. அவர் ஒவ்வொரு வயராகக் கழற்றுகிறார். பல்பு மங்கக்கூட இல்லை. அது கொடாக்கண்டன் என்றால் இவர் விடாக்கண்டன். வயர் கிழித்த கட்டைவிரலை இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்துக்கொண்டு, கடைசியாக டைனமோ வயரைப் பிடுங்குகிறார். பல்பு அணைகிறது. "ஐயோ, பல்ப் பழுதாப் போச்சோ?" "இல்லம்மா, கள்ளன் அகப்பட்டுட்டான். கார் நின்டா டைனமோவ பேட்டரியில இருந்து பிரிச்சுவிடுற கட்அவுட்ல பொயிண்டு ஒட்டிக்கிட்டு, சார்ஜ் ஏத்துற டைனமோவே திருப்பிக் குடிச்சிருக்கு." ஒட்டிய முனைகளைப் பிரித்து, உப்புத்தாளால் தேய்த்து, வயரை மறுபடி மாட்டுகிறார். இருவரும் பல்பையே பார்க்கிறார்கள். அது எரியவில்லை. அருந்ததி ஸீட்டுக்கடியில் கைவிட்டு, சரிவில் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் கருங்கல்லை எடுத்து, அவருடைய பட்டறை வாசலில் வைக்கிறாள்.