சுத்திப் போங்க!

"ரோடு வண்டி ஓடுறதுக்கு. குழந்தை ஓடுறதுக்கு வீடு இருக்கு!"

தெருக் கூட்டத்தில் ஹாரன் அண்ணன் எழுந்து நின்று போட்ட சத்தத்தில், தையல்காரியின் மடியில் தூங்கிய பாப்பா திடுக்கிட்டு விழித்தாள்.

அவர் வேன் ஓட்டுபவர். தெருமுனையில் திரும்பும்போது ஹாரனில் கை வைத்தால் தன் வீட்டு வாசல் வரைக்கும் எடுக்க மாட்டார். பேர் வந்தது அப்படித்தான்.

"வீடு இருக்குண்ணே, இல்லேங்கலை," என்றாள் தையல்காரி. "ஒரே ரூம். ஒரு அடி எடுத்து வச்சா தையல் மெஷின் முட்டும், அடுத்த அடிக்குக் கட்டில் முட்டும். என் பொண்ணு அப்புறம் எங்கே நடக்கிறது, சுவத்து மேலயா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள். ஆனால் பாப்பாவுக்கு இரண்டு வயது நெருங்குகிறது. எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பாள். கையை விட்டால் பொத்தென்று உட்கார்ந்துவிடுவாள்.

"காலில் கோளாறு ஒண்ணுமில்லை, பயம்தான். விசாலமா இடம் விட்டுப் பழக்குங்க," என்று டாக்டர் சொல்லிவிட்டார். விசாலம் எந்தக் கடையில் கிடைக்கும்? வாசலில் இறங்கினால், மெயின் ரோடு சிக்னலை ஏமாற்றக் குறுக்கே புகுந்து வரும் லாரியும் பைக்கும்.

அதனால்தான் அவளே நகரசபைக்கு நடையாய் நடந்து, தெருவை அடைத்துப் பார்க்கச் சம்மதம் வாங்கியிருந்தாள். தெருக்காரர்கள் வண்டி மட்டும் மெதுவாக வரலாம். மற்றவர்கள் சுற்றித்தான் போகணும். முதலில் ஒரு மாதம். வண்டிக்காரர்களிடமிருந்து புகார் குவிந்தால் தடுப்பை எடுத்துவிடுவோம் என்று ஆபீசர் கறாராகச் சொல்லியிருந்தார்.

தடுப்பு வந்ததும் தெருவுக்குக் கல்யாணக் களை வந்துவிட்டது. பிள்ளைகள் பந்தோடு இறங்கினார்கள். மாடிவீட்டு அக்கா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கே குடிவந்துவிட்டாள்.

ஹாரன் அண்ணனும் வந்தார். வேலை முடிந்து வந்ததும் தடுப்புக்குப் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். முறைத்துக்கொண்டு வந்து நிற்கும் ஒவ்வொரு வண்டியிலும் போய்த் தலையை விட்டு ஏதோ குசுகுசுப்பார். பிறகு கையை நீட்டித் தையல்காரியின் வீட்டைக் காட்டுவார். வண்டிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு ரிவர்ஸ் எடுப்பார்.

தையல்காரி மாடிவீட்டு அக்காவின் நாற்காலிக்கு ஓடினாள்.

"அக்கா, பாத்தீங்களா? 'எல்லாத்துக்கும் காரணம் அதோ, அவதான்'னு என்னைக் காட்டிக் கொடுக்கிறாரு."

"புகார் போடுங்கடான்னு ஒவ்வொருத்தனுக்கும் ஓதுறான்டி," என்றாள் மாடிவீட்டு அக்கா. "தொண்டையில ஹாரனை வச்சுக்கிட்டே பொறந்தவன். அவன் சும்மா இருந்தாத்தான் அதிசயம்."

மறுநாள் ஆபீசர் முடிவு சொல்ல வருகிறார் என்ற நிலையில், ஒரு சிமென்ட் லாரி வந்து நின்றது. ஹாரன் அண்ணன் வழக்கம்போலக் குசுகுசுத்தார், கையை நீட்டினார். லாரிக்காரர் கழுத்தை நீட்டி அவளையே பார்த்துவிட்டுப் பின்னால் எடுத்தார்.

அதற்கு மேல் தையல்காரிக்குப் பொறுக்கவில்லை. பாப்பாவை வாசலோர ஜன்னல் கம்பியைப் பிடிக்க வைத்துவிட்டு, அளவு டேப்பைக் கழுத்தில் போட்டபடியே விறுவிறுவென்று போனாள்.

"ஏண்ணே, என் வீட்டைக் காட்டலேன்னா உங்களுக்குத் தூக்கம் வராதா?"

"வீடு இருக்கு, காட்டுறேன். வேணும்னா துணி போட்டு மூடி வை. உன்கிட்டதான் துணி நெறைய இருக்கே."

"அவங்ககிட்ட என்னத்தைச் சொல்றீங்க?"

"வண்டி ஓட்டுறவங்க ஆயிரம் பேசிக்குவோம். மெஷின் ஓட்டுறவங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?"

"புகார் போடச் சொல்றீங்க, தெரியாதா எனக்கு? நாளைக்குத் தடுப்பைத் தூக்கிட்டாங்கன்னா உங்களுக்குக் குளுகுளுன்னு இருக்கும். என் பொண்ணு மறுபடியும் கட்டிலுக்கும் மெஷினுக்கும் நடுவுல..."

"தங்கச்சி." ஹாரன் அண்ணன் வாளியிலிருந்து எழுந்துவிட்டார். "பின்னாடி பாரு."

திரும்பினாள்.

நடுரோட்டில் பாப்பா. பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை, சுவர் இல்லை. அம்மா சண்டை போடும் இடத்துக்கு வந்தே தீருவது என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, தத்தக்கா பித்தக்கா என்று வந்துகொண்டிருந்தாள். பந்தாடிய பிள்ளைகள் பந்தை விட்டுவிட்டு ஒதுங்கினார்கள்.

வந்தாள். அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். அப்புறம்தான் தெருவே ஓவென்று கத்தியது. மாடிவீட்டு அக்கா நாற்காலி மேல் ஏறி நின்று கை தட்டினாள். தையல்காரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன.

ஹாரன் அண்ணனை மட்டும் காணோம். தடுப்பைத் தாண்டி மெயின் ரோட்டுப் பக்கம் ஓட்டமாக ஓடிக்கொண்டிருந்தார்.

"பாத்தியாடி, ஒரு குழந்தை நடந்ததைக்கூட நின்னு பாக்க மனசில்லை!"

அக்கா சொல்லி வாய் மூடவில்லை, மெயின் ரோட்டில் ஒரு ஹாரன் அலறியது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் பைக், வேன், பஸ் என்று வரிசையாக எல்லாம் சேர்ந்து அலறியதில் காது கிழிந்தது.

"ஆள் சேர்த்துக்கிட்டுச் சண்டைக்கு வர்றாரா? வரட்டும், ஒரு கை பாத்துடறேன்!" பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு தையல்காரி தடுப்பு வரைக்கும் போனாள்.

சிக்னலில் நின்ற அந்த சிமென்ட் லாரிக்காரர் அவளைக் கண்டதும் பாதி உடம்பை வெளியே நீட்டி, பல்லெல்லாம் தெரியக் கத்தினார்:

"அம்மா, பாப்பா நடந்துடுச்சாமே! 'எங்க தெருக் குழந்தை நடை பழகுது, கோவிச்சுக்காம சுத்திப் போங்கய்யா'ன்னு உங்க அண்ணன் எங்க காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சினாரு. சுத்தினது வீண் போகலை!"